பழைய பிக்கப் வாங்கப் போகிறீர்களா? முதலில் தரையில் படுங்கள்

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் நேரே பானெட்டைத் திறப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கழுவித் துடைத்த எஞ்சின் பளபளத்தது, மயங்கிவிட்டேன். பிக்கப் சுமை தூக்கப் பிறந்த வண்டி. அது பட்ட பாடெல்லாம் முதுகிலும் வயிற்றிலும்தான் தெரியும். ஆகவே கீழிருந்து தொடங்குவோம்.

டார்ச், ஸ்க்ரூடிரைவர், சிறு காந்தம், படுக்க ஒரு சாக்கு போதும். மழையில்லாத பகலில் போங்கள். ஈரம் பட்ட பெயின்ட் எல்லாக் குறையையும் மறைக்கும். "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 1: சேஸிஸ்

பெரும்பாலான பிக்கப்களில் கேபினும் பின்னால் உள்ள சரக்குத் தொட்டியும் சேஸிஸ் என்னும் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. கதவு துருப்பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம். சட்டம் இற்றுப்போனால் வண்டியே போயிற்று. பின் அச்சுக்கு மேலே வளைகிற இடம், ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் கொக்கிகள், வெல்டிங் விளிம்புகள் ஆகியவற்றில்தான் சேறும் நீரும் தங்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கிண்ணென்று ஒலிக்கும். இற்ற இடம் தொப்பென்று அடங்கும்.

புதிதாகப் பூசிய கறுப்பு பெயின்ட்டைக் கண்டால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். என் வண்டியில் அது இருந்தது. நல்ல பராமரிப்பு என்று நினைத்தேன். மூன்றாம் மாதம் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினார். பெயின்ட்டோடு நகத்தளவு தகடு உதிர்ந்தது. அடுத்த அழுத்தலில் முனை உள்ளேயே போய்விட்டது.

ஒன்று: ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்.

படி 2: முதுகு

கேபினுக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள இடைவெளியை இரு பக்கமும் பாருங்கள். மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் நெருங்கியிருந்தால், சட்டம் வளைந்திருக்கலாம். பிறகு இருபது அடி பின்னால் போய் நின்று, வண்டி ஒரு பக்கம் சாய்கிறதா என்று கவனியுங்கள். பழைய ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே புதிதாக ஒன்று சொருகியிருந்தால், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். தொட்டியில் விரிப்பு இருந்தால் தூக்கிப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசி நிரவியிருப்பார்கள். இரும்புத் தகட்டில்தான் இந்தச் சோதனை செல்லும்.

படி 3: எஞ்சின்

முதலில் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஓட்டியிருக்கலாம். குளிர்ந்த எஞ்சின்தான் தன் குறையை ஒளிக்காது. ஆயில் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள்: பால் கலந்த காப்பி நிறத்தில் குழைவு இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம். ரேடியேட்டர் மூடியையும் இப்போதே திறந்து பார்த்துவிடுங்கள். சூடேறியபின் அதைத் தொடக்கூடாது.

இனி ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் முழுதாக எரியவில்லை. வெண்புகை ஓரிரு நிமிடத்தில் மறைந்தால் வெறும் ஈரம். எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நீடித்தால் கூலன்ட் எரியலாம்.

படி 4: டயர்

பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட்டிலோ முன்பக்க இணைப்புகளிலோ கோளாறு இருக்கலாம்.

படி 5: ஓட்டிப் பார்த்தல்

உயர்ந்த கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். இரைச்சல் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. காலெடுத்து மீண்டும் அழுத்தும்போது அடியில் 'டங்' என்று கேட்டால் எஞ்சின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இணைப்புகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் மண்தரையில் போட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அதைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டால் பற்சக்கரங்கள் இறுகிக்கொள்ளும்.

படி 6: எண்

சேஸிஸில் பொறித்த எண்ணை ஆவணத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் தேய்த்த தடமோ புது பெயின்ட்டோ தெரிந்தால், விலை பேசாமலேயே கிளம்பிவிடுங்கள்.