பழைய லாரி இன்ஜினைப் பிரிக்கலாமா? முதலில் அளந்து பாருங்கள்

லாரி நீலப் புகை விடுகிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை, ஆயில் குடிக்கிறது. பட்டறையில் கேட்டால் "இன்ஜின் வேலை வந்துடுச்சு" என்று பதில் வரும். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இந்த மூன்று குறைகளையும் டர்போ, ஏர் கம்ப்ரசர், டீசலைத் தெளிக்கும் நாசில், டீசல் பம்ப் என்று இன்ஜினைச் சுற்றி மாட்டியிருக்கும் பாகங்களும் உண்டாக்கும். அவற்றைச் சோதித்து ஒதுக்காமல் இன்ஜினை இறக்கினால், புது லைனர் (பிஸ்டன் ஓடும் உள்குழல்), பிஸ்டன் போட்ட பிறகும் அதே புகை வரும்.

கீழே உள்ள முறை மெக்கானிக்கல் டீசல் பம்ப் வைத்த பழைய டீசல் இன்ஜின்களுக்கானது. டாடாவின் 697, கம்மின்ஸ் 6பிடி, லேலண்டின் ஹினோ எல்லாம் இதில் அடங்கும். எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். பழைய வண்டிகளில் மீட்டர் கேபிள் அறுந்து மாதக்கணக்கில் கிடந்திருக்கும். நீண்ட தூர லைனில் சீராக ஓடிய இன்ஜினும் குவாரித் தூசியில் ஓடிய இன்ஜினும் ஒரே கிலோமீட்டரில் ஒரே அளவு தேய்வதில்லை.

எந்தச் சோதனையும் வேண்டாம், வண்டியை நிறுத்துங்கள்

ஆயில் பிரஷர் இறங்கி, கீழிருந்து "டொக் டொக்" என்று கனமான சத்தம் வந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. இப்போதே நிறுத்தினால் பேரிங் மாற்றுவது, கிராங்க் கிரைண்டிங் செய்வது என்று முடிந்துவிடும். மேலும் ஓட்டினால் கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்ததுபோல் தெரிந்தாலும் அப்படித்தான். தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங் அதிக நேரம் தாங்காது.

படி 1: ஆயில் கணக்கு

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதளத்தில் நிறுத்தி மேல் கோடு வரை ஆயில் ஊற்றுங்கள். 1000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே இடத்தில் அதே கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை லிட்டர் தேவைப்பட்டது என்று எழுதுங்கள். குறைந்தது மூன்று முறையாவது இப்படி அளக்க வேண்டும். ஒரு முறை பார்த்தது கணக்கில் சேராது.

எரிந்த டீசலில் 1 சதவீதத்துக்கு மேல் ஆயில் போனால் தேடத் தொடங்குங்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் லாரி 1000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் டீசல் எரிக்கும். அதில் 1 சதவீதம் 2.5 லிட்டர். ஒரு லிட்டருக்குள் நின்றால் இன்ஜினைத் தொட வேண்டாம். அளவு ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம்.

ஆயில் குறையாமல் கூடினால் அதுவும் ஆபத்துதான். டாங்கிலிருந்து டீசலை இழுக்கும் பீட் பம்ப்பிலோ நாசிலிலோ இருந்து டீசல் ஆயிலில் இறங்குகிறது என்று பொருள். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள்.

படி 2: புகையின் நிறமும் நேரமும்

கறுப்புப் புகைக்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், நாசில், பம்ப் டைமிங் பாருங்கள். காலையில் வந்து சூடானதும் நிற்கும் வெள்ளைப் புகை எரியாத டீசல். சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எப்போது வருகிறது என்று கவனியுங்கள். தருமபுரியிலிருந்து சேலம் வரும் லாரி தொப்பூர் கணவாயில் கியரிலேயே இறங்கி, கீழே வந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு முறை நீலமாகக் கக்கிவிட்டு நின்றால், ஆயில் வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) வழியாக இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அது ஹெட் வேலையோடு முடியும். எதிர்த்திசையில் லோடோடு ஏறும்போது விடாமல் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங், லைனர் பக்கம் பார்வை போக வேண்டும்.

படி 3: பழியை இன்ஜின் மேல் போடும் மூன்று பாகங்கள்

டர்போவிலிருந்து இன்டேக் பக்கம் போகும் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் டர்போவைச் சோதிக்க வேண்டும். இன்ஜின் நின்று ஆறிய பிறகு ஷாஃப்டைப் பிடித்து ஆட்டுங்கள். இறக்கை ஹவுசிங்கில் உரசினால் டர்போ போய்விட்டது. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் ப்ரீதர் குழாயில் சேறு அடைத்திருந்தாலும் டர்போ ஆயில் கக்கும். உள்ளே அழுத்தம் ஏறுவதால் டர்போவிலிருந்து ஆயில் கீழே வடிய முடியாமல் போவதே காரணம். எனவே ப்ரீதரைச் சுத்தம் செய்துவிட்டு டர்போவைப் பாருங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது பிரேக்குக்கான ஏர் கம்ப்ரசர். அதன் ரிங் தேய்ந்தால் இன்ஜின் ஆயில் ஏர் டேங்குக்குப் போகும். டேங்கின் வடிகாலைத் திறந்தால் தண்ணீரோடு கறுப்பு ஆயில் கொட்டும். இன்னொரு பக்கம், கம்ப்ரசரின் காற்று இன்ஜினுக்குள் இறங்கி ப்ரீதர் வழியாகத் தள்ளும். பார்ப்பவர் ரிங் போனதாக நினைப்பார். டேங்கைக் காலி செய்து, காற்று ஏறும்போது ப்ரீதரைப் பாருங்கள். டேங்க் நிறைந்து "புஸ்" என்று கட் ஆன பிறகு மறுபடி பாருங்கள். இரண்டாம் முறை ப்ரீதர் ஊதும் வேகம் நன்றாகக் குறைந்தால் கம்ப்ரசரைத்தான் பிரிக்க வேண்டும்.

படி 4: ப்ளோ-பை

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐட்லிங்கில் விடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே துளையின் மேல் வையுங்கள். லேசாக அதிரலாம். துள்ளி விழுந்தால், எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே வருகிறது; இதுதான் ப்ளோ-பை. சீராக ஊதினால் எல்லா சிலிண்டரும் தேய்ந்திருக்கும்; விட்டுவிட்டு ஊதினால் ஒன்றிரண்டு மட்டும்.

எது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு நாசிலின் பைப் நட்டாகக் கொஞ்சம் தளர்த்தி டீசலை வெட்டுங்கள். எதை வெட்டும்போது ஊதல் குறைகிறதோ அந்த சிலிண்டர்தான். தட்டும் சத்தம் குறைந்தால், சந்தேகம் அந்த சிலிண்டரின் நாசில் மேலும் ராடு பேரிங் மேலும். நாசிலை மாற்றிப் பார்த்துவிட்டுப் பேரிங்குக்குப் போங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மிக அதிக அழுத்தத்தில் டீசல் நிற்கும் புதிய வகை காமன் ரெயில் இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் போகும்.

படி 5: ஆயில் பிரஷர், ஃபில்டர்

டாஷ்போர்டு மீட்டரை நம்பாதீர்கள். சென்சாரைக் கழற்றி மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது பாருங்கள். கம்மின்ஸ் 6பிடியில் ஐட்லிங்கில் 0.7 பார், முழு வேகத்தில் 2.1 பார் குறைந்தபட்ச அளவு. பட்டறைப் பேச்சில் வரும் "கிலோ" ஏறக்குறைய பார்தான். மற்ற இன்ஜின்களுக்கு அதனதன் மேனுவலைப் பாருங்கள். குறைவாகக் காட்டினால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஆயில் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்கையும் பார்த்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

கழற்றிய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை வெள்ளைத் துணியில் விரியுங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மினுக்கினால் பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து அடியில் இருக்கும் செம்பு வந்திருக்கலாம். பிரஷரும் குறைந்து செம்பும் தெரிந்தால் கிராங்கைக் கழற்றியே ஆக வேண்டும்.

படி 6: காற்று விட்டுப் பார்த்தல்

கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்ப்பதானால் டீசல் இன்ஜினுக்கான கேஜ் வேண்டும். பெட்ரோல் கேஜ் உடைந்துபோகும். எல்லா நாசிலையும் கழற்றி, டீசலை நிறுத்தும் ஸ்டாப் லீவரை இழுத்து வைத்து, முழு சார்ஜ் உள்ள பேட்டரியில் சுற்றுங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும். துளையில் ஆயில் ஊற்றிப் பார்க்கும் பழக்கம் டீசலுக்கு ஒத்துவராது. ஆயில் பிஸ்டன் குழியிலேயே தேங்கிவிடும். அதிகமானால் ராடு வளையும்.

இதைவிடத் தெளிவாகச் சொல்வது காற்றுச் சோதனை. வால்வு இரண்டும் மூடியபடி பிஸ்டன் உச்சியில் இருக்க வேண்டும். வண்டியை கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஃபேன் பக்கம் கை போகாமல் நாசில் துளை வழியாகக் காற்று விடுங்கள். ஆயில் மூடியில் சீறினால் ரிங் அல்லது லைனர். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்டேக் குழாயில் கேட்டால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல். ரிங் வழியாக நல்ல இன்ஜினிலும் கொஞ்சம் கசியும். மற்ற சிலிண்டர்களோடு ஒப்பிடுங்கள்.

படி 7: எவ்வளவு பிரிப்பது

வால்வு மட்டும் கசிந்தால் ஹெட்டோடு நிறுத்துங்கள். எல்லா சிலிண்டரிலும் ப்ளோ-பை, ஆயில் 1 சதவீதத்துக்கு மேல், ஆனால் ஆயில் பிரஷர் சரி என்றால் லைனர், பிஸ்டன், ரிங், பேரிங். பிரஷரும் போயிருந்தால் முழு இன்ஜின். கிராங்க் லேத் பட்டறைக்குப் போய் 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று அளவு இறக்கிக் கிரைண்ட் ஆகி வரும்.

ஹெட்டைத் தூக்கியதும் பணத்தை மிச்சப்படுத்த ரிங் மட்டும் மாற்றச் சொல்வார்கள். சம்மதிப்பதற்கு முன் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒன்றால் சோதியுங்கள். ஒரு ரிங்கை லைனரின் மேல் பகுதியில், தேய்மானம் அதிகம் உள்ள இடத்தில் நேராக வைத்து முனைகளின் இடைவெளியை அளக்கவும். பிறகு தேயாத அடிப்பகுதியில் வைத்து அளக்கவும். வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் லைனர் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று தெரியும். இடைவெளி 0.6 மில்லிமீட்டர் கூடியிருந்தால் தேய்மானம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். உச்சியில் நகத்துக்குத் தட்டுப்படும் விளிம்பு இருந்தால் புது ரிங் அதில் மோதி உடையும். அப்போது லைனர்தான் மாற வேண்டும். 6பிடியில் தனி லைனர் இல்லை; பிளாக்கின் துளையையே ரீபோர் செய்து (கடைந்து பெரிதாக்கி) 0.5 அல்லது 1 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவார்கள்.

புது பிஸ்டன் ஏறுவதற்கு முன், ஏர் ஃபில்டரிலிருந்து டர்போ வரையுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால், பழைய லைனரைத் தின்றது அந்தத் தூசி. ஹோஸ் விரிசலையும் தளர்ந்த கிளிப்பையும் மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.