கிரேடியஸ்: கேப்சூலைச் செலவிடுவதில் நேரும் தவறுகள்

கொனாமி நிறுவனம் 1985-ஆம் ஆண்டு ஆர்கேட் கூடங்களுக்காக வெளியிட்ட கிரேடியஸ், ஜப்பானுக்கு வெளியே நெமெசிஸ் என்ற பெயரில் அறியப்பட்ட, பக்கவாட்டில் நகரும் விண்கலச் சுடும் ஆட்டம். ஒரு குண்டு பட்டாலோ, பாறையின் ஓரத்தில் உரசினாலோ நம் விண்கலமான விக் வைப்பர் வெடித்துவிடும். அதுவரை சேர்த்த ஆயுதங்களும் அதனுடனேயே போய்விடும். இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் தம் கைவேகத்தைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் பல உயிர்கள், குண்டு வந்து தாக்குவதற்கு வெகுநேரம் முன்பே, திரையின் அடியில் இருக்கும் மீட்டரில் எடுத்த தவறான முடிவால் போகின்றன என்பதே என் கருத்து.

மீட்டரின் கணக்கு எளிமையானது. ஸ்பீட் அப், மிசைல், டபுள், லேசர், ஆப்ஷன் (நம்மைப் பின்தொடர்ந்து சுடும் துணை உருண்டை), கடைசியில் ஷீல்டைக் குறிக்கும் கேள்விக்குறி என ஆறு கட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. எதிரிகளைச் சுட்டு வீழ்த்தினால் கிடைக்கும் சிவப்பு கேப்சூல் ஒன்றை எடுக்கும்போதெல்லாம் வெளிச்சம் ஒரு கட்டம் நகரும். பவர்-அப் பட்டனை அழுத்தினால் வெளிச்சம் நிற்கும் கட்டத்தின் ஆயுதம் கிடைத்து, மீட்டர் வெறுமையாகிவிடும். ஆகவே ஸ்பீட் அப்பின் விலை ஒரு கேப்சூல், லேசரின் விலை நான்கு, ஆப்ஷனின் விலை ஐந்து, ஷீல்டின் விலை ஆறு. இரண்டு ஸ்பீட் அப், ஒரு மிசைல், ஒரு லேசர், நான்கு ஆப்ஷன் என்று சேர்த்தால் 28 கேப்சூல். ஷீல்டும் வேண்டுமென்றால் 34. இந்த விலைப்பட்டியலை மனத்தில் வைக்காமல், கிடைக்கிற கேப்சூலை அவ்வப்போதைய ஆசைக்கேற்பச் செலவிடுவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

முதல் ஸ்டேஜின் தொடக்கத்தில், நிலப்பரப்பு வருவதற்கு முன், வரிசையாக வரும் சிறு எதிரிக் கூட்டங்கள் இருக்கின்றன. ஒரு கூட்டத்தை முழுவதுமாகச் சுட்டால்தான் கேப்சூல் கிடைக்கும்; ஒன்றைத் தப்பவிட்டாலும் கிடைக்காது. இங்கே முதல் கேப்சூலை உடனே ஸ்பீட் அப்புக்குக் கொடுக்காமல், நேராக ஆப்ஷனுக்குச் சேர்த்துவைப்பவர்கள் உண்டு. தொடக்க வேகத்தில் விண்கலம் மிக மெதுவாகவே நகர்வதால், அந்தச் சேமிப்பு முடிவதற்குள் ஏதேனும் ஒரு குண்டு வந்து கணக்கை முடித்துவிடுகிறது. செலவிடாத கேப்சூல்களால் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நெருக்கடியான இடத்துக்குள் நுழையும்போது மீட்டரில் நான்கு கேப்சூல் நின்றால், ஐந்தாவதற்குக் காத்திராமல் லேசரை வாங்கிவிடுவதே பெரும்பாலும் நல்லது.

இதற்கு நேர்மாறான தவறு வேகத்தை அளவுக்கு மீறி வாங்குவது. ஒரே கேப்சூல் விலை என்பதால் ஸ்பீட் அப் மலிவாகத் தோன்றும். ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை, இறந்தால்தான் குறையும். நான்கு முறை வாங்கியவர் குறுகிய பாறை இடுக்கில் ஜாய்ஸ்டிக்கை இலேசாகத் தொட்டாலே சுவரில் போய் மோதுவார். இரண்டு பெரும்பாலான ஸ்டேஜ்களுக்குப் போதும். மூன்று என்பது கை பழகியவர்களுக்கு.

டபுளும் லேசரும் ஒருசேர இருக்க முடியாது என்பது பலருக்கும் தாமதமாகவே உறைக்கிறது. டபுள் முன்னோக்கி ஒன்றும் மேல்நோக்கிச் சாய்வாக ஒன்றும் சுடும். லேசர் வழியில் இருக்கும் சிறு எதிரிகளைத் துளைத்துக்கொண்டு போகும். முதலில் மூன்று கேப்சூலுக்கு டபுள், பிறகு நான்கு கேப்சூலுக்கு லேசர் என்று வாங்குபவர் அந்த மூன்றையும் வீணடித்தவரே. அதைவிடக் கொடுமையானது, லேசர் கையில் இருக்கும்போது வெளிச்சம் டபுளில் நிற்பதைக் கவனிக்காமல் பழக்கத்தால் பட்டனை அழுத்திவிடுவது. லேசர் அந்தக் கணமே பறிபோகும். ஏற்கெனவே வாங்கிய ஆயுதத்தின் பெயர் மீட்டரில் மறைந்து அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும், ஆனால் டபுளின் பெயர் மட்டும் கவர்ச்சியாக எரிந்துகொண்டிருக்கும். சுடும் பட்டனுக்கும் பவர்-அப் பட்டனுக்கும் ஒரே விரலைப் பயன்படுத்துபவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

ஆப்ஷன்தான் இந்த ஆட்டத்தின் உயிர்நாடி; அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒளிரும் இந்த உருண்டைகளை எதிரியால் அழிக்க முடியாது. நாம் சுடும் ஆயுதத்தையே அவையும் சுடும். ஆனால் அவை தம் விருப்பப்படி நகர்வதில்லை, நாம் சற்று முன் சென்ற பாதையில் அப்படியே பின்தொடர்கின்றன. நாம் நின்றால் அவையும் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த இயல்பை அறியாதவர், வாத்துக்குஞ்சுகள் போல ஆப்ஷன்களை வெறுமனே பின்னால் இழுத்துக்கொண்டு திரிவார். அறிந்தவரோ, மேலிருந்து கீழாக இறங்கி நின்று, தலைக்கு மேல் செங்குத்தாக ஓர் ஆயுத வரிசையை அமைத்துக்கொள்வார்; அதன் பிறகு தாம் திரையின் அடியில் பதுங்கியிருந்தாலும் மேற்பாதியில் வரும் எதிரிகள் ஆப்ஷன்களின் சுடுகோட்டில் விழுவார்கள். முன்னோக்கிச் சென்று நின்றால் எல்லா ஆப்ஷன்களும் ஒரே கோட்டில் வந்து, முழு வலிமையும் ஒரு புள்ளியில் குவியும். வேகம் கூடக்கூட ஆப்ஷன்களுக்கிடையிலான இடைவெளியும் கூடும் என்பதால், ஸ்பீட் அப் எத்தனை வாங்குவது என்ற கேள்விக்கு இதுவும் ஒரு காரணமாகிறது. அமைத்த வரிசையை, தேவையற்ற பதற்றத்தில் ஜாய்ஸ்டிக்கை ஆட்டிக் கலைத்துவிடுவதுதான் இங்கே பெருந்தவறு.

ஷீல்டைப் பற்றி ஒரு மயக்கம் நிலவுகிறது. ஆர்கேட் பதிப்பில் அது விண்கலத்தின் முன்பக்கத்தை மட்டுமே காக்கும். மேலிருந்தும் பின்னாலிருந்தும் வரும் குண்டுகளுக்கு அது தடையில்லை. போதாக்குறைக்கு, நம் ஆயுதபலம் கூடக்கூட எதிரிகளின் தாக்குதலும் கடுமையாகும்படி இந்த ஆட்டம் அமைக்கப்பட்டுள்ளது. எனவே ஷீல்டை வாங்குவதற்கு முன், அதன் ஆறு கேப்சூல் எந்த இடத்துக்காகச் செலவாகிறது என்று யோசிப்பது நல்லது. ஒரு நுட்பம் மட்டும் சொல்லத்தக்கது: ஷீல்ட் இருக்கும்போதே மேலும் ஆறு கேப்சூல் சேர்த்து, வெளிச்சத்தைக் கேள்விக்குறிக் கட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தால், பழையது தேய்ந்து தீர்ந்ததும் ஒரே அழுத்தில் புதியதைப் பெறலாம். அப்படி நிறுத்தியபின் வழியில் கிடக்கும் சிவப்பு கேப்சூலைத் தெரியாமல் எடுத்தால் வெளிச்சம் மறுபடி ஸ்பீட் அப்புக்குத் திரும்பிவிடும்.

கேப்சூலை எடுக்காமல் விடுவதும் ஒரு திறமைதான். சுவரோரத்தில் மிதக்கும் ஒன்றுக்காக உயிரைப் பணயம் வைப்பவர், 20 கேப்சூலுக்கு மேல் செலவிட்டுக் கட்டிய ஆயுதக் குவியலை ஒரே ஒரு கேப்சூலுக்காகப் பந்தயம் கட்டுகிறார். நீல கேப்சூல் வேறு வகை. அது திரையில் இருக்கும் சாதாரண எதிரிகளை ஒட்டுமொத்தமாக அழிக்கும். கண்டவுடன் பாய்ந்து எடுக்காமல், திரை நிரம்பும்வரை அதன் அருகிலேயே காத்திருப்பவருக்கே அது பயன்படும்.

சுடுவதிலும் ஒரு சிக்கனம் வேண்டும். சாதாரணக் குண்டுகளில் சிலவே ஒரே நேரத்தில் திரையில் இருக்க முடியும்; இலக்கில்லாமல் தூரத்துக்குச் சுட்டால், அந்தக் குண்டுகள் திரையைக் கடக்கும்வரை நம் துப்பாக்கி மௌனமாகிவிடும். எதிரியை ஓரளவு நெருங்கவிட்டுச் சுட்டால் குண்டு உடனே பட்டு, அடுத்தது உடனே கிளம்பும். அதற்காகத் திரையின் வலது ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதும் கூடாது, புதிதாக நுழையும் எதிரியைப் பார்க்க நேரமே இருக்காது.

மூன்றாம் ஸ்டேஜில் வரும் மோவாய் (ஈஸ்டர் தீவின் பெருங்கல் முகங்கள்) சிலைகளின் நெற்றியையும் முதுகையும் சுட்டுக்கொண்டிருப்பது வீண். வளையங்களைத் துப்புவதற்காக அவை வாயைத் திறக்கும்போது அந்த வாயில்தான் சுட வேண்டும். பிக் கோர் என்னும் பாஸும் (ஸ்டேஜின் முடிவில் வரும் பெரிய எதிரி) அப்படியே: அதன் நடுவிலுள்ள கோர் என்னும் மையப் பகுதிக்கு முன்னால் தடுப்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒரே கோட்டில் நின்று அவற்றை உடைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஆப்ஷன்களை முன்கூட்டியே வரிசைப்படுத்தாமல் பாஸின் முன்னால் போய் நின்று ஒழுங்குபடுத்தத் தொடங்குபவரை அதன் நான்கு லேசர்களும் விட்டுவைப்பதில்லை.

இனி, இறந்த பிறகு நேரும் தவறு. ஒரு செக்பாயின்டிலிருந்து (இறந்தபின் ஆட்டம் மீண்டும் தொடங்கும் இடம்) வெறுங்கையுடன் மீண்டும் தொடங்கும்போது, சற்று முன் முழு ஆயுதத்துடன் ஆடிய அதே துணிச்சலோடு முன்னேறுபவர் தொடர்ந்து மூன்று உயிர்களையும் அதே இடத்தில் இழப்பார். அந்த இடத்துக்கென்று தனியே ஒரு திட்டம் வேண்டும்: அருகில் எந்தக் கூட்டம் கேப்சூல் தருகிறது, முதல் ஸ்பீட் அப் எங்கே கிடைக்கிறது, எந்த மூலை ஓரளவு பாதுகாப்பானது. 2025-இல் வந்த கிரேடியஸ் ஒரிஜின்ஸ் தொகுப்பில் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதி உண்டு. அதை இறப்பைத் துடைத்தழிக்கப் பயன்படுத்துபவர் எதையும் கற்பதில்லை. வேண்டுமென்றே ஒரு கடினமான செக்பாயின்டில் இறந்து, அங்கிருந்து மீளும் வழியைத் திரும்பத் திரும்பப் பழகுவதற்கு அதைப் பயன்படுத்தலாம்.

எந்தப் பதிப்பை ஆடுகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1986-இல் நிண்டெண்டோவின் வீட்டுக் கருவிக்கு வந்த பதிப்பில் ஆப்ஷன் இரண்டுதான்; ஆர்கேட் பதிப்புக்கு எழுதிய யோசனைகள் அங்கே அப்படியே பொருந்தாது. கொனாமி கோட், அதாவது பட்டன்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தி ஆயுதங்களைப் பெறும் இரகசிய வழி, முதன்முதலில் வந்ததும் அந்தப் பதிப்பில்தான்: சோதித்துப் பார்க்கையில் ஆட்டம் தமக்கே மிகக் கடினமாக இருந்ததால் அந்தப் பதிப்பை உருவாக்கிய கஸுஹிஸா ஹாஷிமோட்டோ அதைச் சேர்த்தார். கொனாமியின் மற்றோர் ஆட்டமான கான்ட்ராவில் 30 உயிர்களுக்காக நம்மில் பலர் மனப்பாடம் செய்த அதே பட்டன் வரிசை அது. ஆனால் சூப்பர் நிண்டெண்டோவில் வந்த கிரேடியஸ் 3-இல், ஆட்டத்தை நிறுத்திவைத்து அந்த வரிசையைப் பழைய பழக்கத்தில் இடது, வலது திசைப் பொத்தான்களால் அழுத்தினால், விண்கலம் எல்லா ஆயுதங்களையும் பெற்ற மறுகணமே வெடித்துச் சிதறும். அங்கே அவற்றுக்குப் பதிலாகக் கருவியின் தோள்பட்டையிலுள்ள எல், ஆர் பட்டன்களை அழுத்த வேண்டும்.