ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் நாளிலேயே கோட்டைவிடுபவை

முதல் தவறு ஓ.பி. சீட்டு போடும் கவுன்ட்டரிலேயே நடந்துவிடுகிறது. பதற்றத்தில் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். ஆதாரில் ‘பழனியம்மாள்’, சீட்டில் ‘பாப்பாத்தி’. அந்தப் பெயர்தான் கேஸ் ஷீட்டுக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போகும். பிறகு காப்பீடு, விபத்து இழப்பீடு, இறப்புச் சான்றிதழ் என எதற்குப் போனாலும் அந்தப் பெயர் வித்தியாசம் குறுக்கே நிற்கும். ஆதாரில் உள்ள பெயர், இனிஷியல், வயது மூன்றையும் அப்படியே சொல்லுங்கள். தவறாகப் பதிந்திருந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு திருத்துவதென்றால் மனு, அலைச்சல், காத்திருப்பு என்று இழுக்கும்.

காப்பீட்டில் நடக்கும் குளறுபடி

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். இது பலருக்கும் தெரியும். ஆனால் நோய் வந்த பிறகுதான் அட்டையைத் தேடுகிறார்கள். மலைக்காரர்களுக்கு இந்தத் தவறு மிகவும் செலவு வைக்கும். நோயாளி சேலத்தில் வார்டில் படுத்திருப்பார். வருமானச் சான்று ஏற்காட்டிலிருந்து வர வேண்டும். கூட இருக்கும் ஒரே ஆள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்க வேண்டும். காபி எஸ்டேட்டில் கூலி வேலை செய்பவருக்கு அது ஒரு நாள் சம்பளமும் போச்சு, நோயாளிக்குத் துணையும் போச்சு. வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கும்போதே இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பதிந்துவிடுவதே நல்லது.

அட்டை இருந்தும் சிக்குபவர்கள் உண்டு. திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்றால் குடும்ப அட்டையில் பெயர் உள்ளவர்கள்தான். கல்யாணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து நீக்கியிருப்பார்கள், புகுந்த வீட்டு அட்டையில் சேர்த்திருக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் இல்லாமல் அவள் நடுவில் நிற்பாள். அது தெரியவருவது பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முந்தின நாள்தான்.

தனியார் மருத்துவமனை வாசலில் திட்டத்தின் பலகையைப் பார்த்ததும் எல்லாச் சிகிச்சையும் இலவசம் என்று நினைத்துவிடுவது இன்னொரு தவறு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் குறிப்பிட்ட பிரிவுகளுக்குத்தான் அனுமதி. எலும்புக்கு அனுமதி பெற்ற இடத்தில் இதயத்துக்கு இல்லாமல் இருக்கலாம். காப்பீட்டு மேசையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தச் சிகிச்சைக்கு இங்கே அனுமதி உண்டா? காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதிக்கு அனுப்பிவிட்டீர்களா? முன் அனுமதி வருவதற்குள் முன்பணம் கட்டிவிட்டு, பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். இது பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம். அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மேற்கொண்டு பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அங்கிருந்தபடியே சொல்லலாம். வீட்டுக்குப் போய்ச் சொல்வதைவிட வார்டில் இருக்கும்போதே சொன்னால்தான் வேலை நடக்கும்.

சொந்தமாக பாலிசி வைத்திருப்பவர்கள் அறை வாடகை வரம்பைப் பார்ப்பதில்லை. வரம்பு 3,000 ரூபாயாக இருக்க 6,000 ரூபாய் அறையில் தங்கினால் போவது வாடகை வித்தியாசம் மட்டுமே என்று நினைக்கிறார்கள். பல பாலிசிகளில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் என மற்றவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். பாதிப் பில் நம் தலையில் விழும்.

விபத்து என்றால்

ஏற்காடு சாலையில் பைக்கிலிருந்து விழுந்து வருபவர்களில் சிலர், போலீஸ் தொந்தரவு எதற்கு என்று பயந்து, ‘வீட்டில் படியில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். மோதியது இன்னொரு வண்டி என்று பின்னால் தெரிந்து இழப்பீட்டுக்குப் போனால், எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்த வரியைத்தான். நடந்ததை நடந்தபடி, இடம், நேரம், வண்டி என்று சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் வந்தால்தான் சிகிச்சை என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். உயிரைக் காப்பதே முதல் வேலை, சட்ட நடைமுறை பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம். வெளிமாநிலச் சுற்றுலாப் பயணிக்கும் பொருந்தும். அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் தன் பெயர், முகவரி தர விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்தக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளே அப்படிச் சொல்கின்றன.

கையெழுத்துப் போடும் முன்

‘இங்க ஒரு கையெழுத்து’ என்று நர்ஸ் நீட்டும் தாளை வாசிக்காமல் போடுவது பெரிய தவறு. காலியான படிவத்தில் போடுவது அதைவிட மோசம். ஒப்புதல் படிவத்தில் என்ன நோய், என்ன ஆபரேஷன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்ற நான்கும் இருக்க வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில். மயக்க மருந்துக்கும் ரத்தம் ஏற்றவும் ஒப்புதல் தனியாகக் கேட்பார்கள். அதையும் படியுங்கள்.

நம் ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு. நோயாளி நினைவோடு, தெளிவாகப் படுத்திருப்பார். கையெழுத்தைக் கணவரிடமோ மகனிடமோ வாங்குவார்கள். பதினெட்டு வயது நிறைந்து, தெளிவோடு இருப்பவருக்கு அவர் ஒப்புதல்தான் செல்லும். பரிசோதனைக்காக மயக்கம் கொடுத்த பெண்ணுக்கு, அவர் தாயின் சம்மதத்தை மட்டும் வாங்கிக் கருப்பையை அகற்றிய வழக்கில், அது செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரசவம் முடிந்ததும் காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனம் போடுவதற்கும் இதே விதிதான். தாயிடம் கேட்காமல் போடக் கூடாது. ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது பெண் நோயாளி தன் அருகில் ஒரு பெண் இருக்கக் கேட்கலாம். இதைக் கேட்கக் கூச்சப்படுபவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது கருத்துக்கு வேறு டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினால் இங்குள்ள டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற தயக்கமும் வேண்டாம். மருந்தை இந்தக் கடையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

காசு கேட்டால், கோபம் வந்தால்

அரசு மருத்துவமனையில் சக்கர நாற்காலி தள்ளவும், பிறந்த குழந்தையைக் காட்டவும் யாராவது காசு கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. வாங்குவது குற்றம். தேதி, நேரம், வார்டு எண்ணைக் குறித்துக்கொண்டு ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) அறையில் எழுத்தில் கொடுங்கள், அல்லது 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அங்கே ஆகாவிட்டால் டீன். அதற்கும் மேலே திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். தனியார் மருத்துவமனை என்றால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். காசு கட்டிப் பெற்ற சிகிச்சையில் குறை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். முழுக்க இலவசமாகப் பெற்ற சிகிச்சைக்கு அந்த வழி பொதுவாகத் திறக்காது.

கை ஓங்குவது மட்டும் கூடவே கூடாது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவது தமிழ்நாட்டின் 2008-ம் ஆண்டுச் சட்டப்படி ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதற்குப் பிறகு உங்கள் புகாரை யாரும் கேட்க மாட்டார்கள்.

கிளம்பும் நாள்

சொல்லாமல் கிளம்பிவிடுவது மலையிலிருந்து வருபவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. வீட்டில் ஆடு மாடு, எஸ்டேட்டில் பறிப்பு. கேஸ் ஷீட்டில் ‘தலைமறைவு’ என்று எழுதி மூடுவார்கள், டிஸ்சார்ஜ் சம்மரி கிடைக்காது. போயே ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லி, ஆலோசனையை மீறிப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டுச் சம்மரியோடு போங்கள். பில் பாக்கிக்காக நோயாளியையோ இறந்தவர் உடலையோ பிடித்துவைக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. இறந்தவரை ஊருக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி 155377-ல் கிடைக்கும். பிரசவமானவருக்குத் தாய் சேய் ஊர்தி 102.

சம்மரி மட்டும் வாங்கிக்கொண்டு வருவது பாதி வேலைதான். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் படம், பயாப்சி ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கர் ஆவணங்களில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் விதி. ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதிதான், அதனால் தள்ளிப்போட வேண்டாம். ஊருக்குப் போனதும் சம்மரியை ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸிடம் காட்டி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையும், படுக்கையில் கிடப்பவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வரும். மாத்திரை வாங்க மட்டும் மாதாமாதம் மலையிறங்க வேண்டியிருக்காது.