தண்டல் வட்டியை எப்படிக் கேட்பது?

வணிக மேலாண்மையில் முனைவர் பட்டத்துக்கு வரும் பிள்ளைகள் பலர் 'சிறு வியாபாரிகளின் கடன்' என்று தலைப்பு வைக்கிறார்கள். தலைப்பு நல்லதுதான், ஆனால் தண்டல், அதாவது தினமும் தவணை வசூலிக்கும் கடன், என்று வந்தால் கேள்வித்தாள்தான் சொதப்பும். 'நீங்கள் செலுத்தும் வட்டி விகிதம் எவ்வளவு?' என்று அச்சடித்துக்கொண்டு கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு நானும் ஒரு காலத்தில் போனவள்தான். விடியற்காலை, மீன் ஏலம் நடக்கிற நேரம். கூடையைத் தூக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் "நவுரு பாப்பா" என்றதோடு சரி.

ஏலம் முடிந்து, மீனுக்கு ஐஸ் போட்டுவிட்டு இந்த மீன் வியாபாரிகள் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பார்களே, அந்தக் கால் மணி நேரம்தான் உங்களுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். ஆள் சாவகாசமாகக் கிடைப்பார்கள். ஆனால் அப்போது வாங்குவதில் பாதி அடுப்பெரிக்க வாங்கும் கடன். அதை வைத்து வருஷம் முழுக்க இப்படித்தான் என்று எழுதிவிடாதீர்கள்.

வட்டி என்று வாயைத் திறக்கவே வேண்டாம். கையில் எவ்வளவு வந்தது, நாளுக்கு எவ்வளவு கட்டுறீங்க, எத்தனை நாள்? இந்த மூன்றும் போதும். "பத்தாயிரம்னு பேசி ஒன்பதாயிரம் குடுத்தாங்க, நாளுக்கு நூறு, நூறு நாள்" என்பார்கள். கணக்கு உங்கள் வேலை. ஒன்பதாயிரத்துக்கு ஆயிரம், 11 சதவீதம்தானே என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். முதல் நாளே அசல் திரும்ப ஆரம்பித்துவிடுகிறது, சராசரியாக அவர் கையில் நிற்பது ஏறக்குறைய பாதிதான். எக்செல்லில் ரேட் சூத்திரத்தில் 100, -100, 9000 என்று போடுங்கள். நாளுக்கு 0.213 சதவீதம் வரும். வருஷத்துக்குக் கூட்டு வட்டி போடாமலே ஏறக்குறைய 78.

அப்புறம், எத்தனை பேரைக் கேட்பது என்றதும் வரும் அந்த 384. கிரெஜ்சியும் மார்கனும் 1970-இல் போட்ட மாதிரி அளவு அட்டவணையிலிருந்து எல்லா ஆய்வேட்டிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிக்குச் சொன்னது. கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டுவிட்டு 384 என்றால் 5 சதவீதப் பிழைக் கணக்கு அதற்கு ஒட்டாது. அறுபது பேரை ஒழுங்காகத் தேர்ந்து, தடைக்காலத்தில் ஒரு தடவை, மீன் நன்றாக வரும்போது ஒரு தடவை போங்கள்.

இரண்டாம் தடவை போகும்போது தினமும் கட்டியதற்குக் கையெழுத்துப் போடும் தண்டல் அட்டையைக் கேட்டுப் பாருங்கள், பழகியிருந்தால் காட்டுவார்கள். போட்டோ எடுக்காதீர்கள், கொடுத்தவர் பெயர் அதில் இருக்கும். கையெழுத்து விழாத கட்டங்களை மட்டும் எண்ணி, அந்தத் தேதிகளை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.