செட்டிநாட்டுச் சாப்பாட்டோடு டிரை வெள்ளை ஒயின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலை அதிகமில்லாத டிரை, அதாவது இனிப்பற்ற, வெள்ளை ஒயினின் சிறப்பு அதன் புளிப்பில்தான் இருக்கிறது. அந்தப் புளிப்பை மங்கச் செய்து பருகிவிட்டு, மலிவான சரக்கு என்று ஒதுக்குவதைத்தான் காரைக்குடிப் பக்கத்து விருந்துகளில் அடிக்கடி காண முடிகிறது.

முதல் தவறு வாங்கும்போதே நேர்ந்துவிடுகிறது. செனின் பிளாங்க் என்ற திராட்சையின் பெயரைக் கண்டதும் டிரை என்று எண்ணிவிடக் கூடாது. பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கிலேயே அதே திராட்சையிலிருந்து முற்றிலும் இனிப்பற்ற ஒயினும் தேன்போல் இனிக்கும் ஒயினும் தயாராகின்றன. பழமணம் வீசுவதாலேயே ஒயின் இனிப்பானது என்று கருதுவதும் சரியன்று, ஏனெனில் டிரை வகையில் சர்க்கரை பொதுவாக லிட்டருக்கு 4 கிராமைத் தாண்டுவதில்லை. இவ்விலையிலுள்ள வெள்ளை ஒயின்களில் பெரும்பாலானவை இளமையிலேயே பருக வேண்டியவை என்பதால், அறுவடை ஆண்டு அண்மையதாக உள்ள பாட்டிலையே தேர்ந்தெடுக்க வேண்டும். திருகுமூடியைக் கண்டு முகஞ்சுளிக்கத் தேவையில்லை.

சித்திரை வெயிலுக்கு அஞ்சி ஒயினை உறையுமளவுக்குக் குளிர்விப்பவர்கள் அதன் மணத்தை இழக்கிறார்கள். பனிக்கட்டியைப் போடுபவர்களோ சுவையையே நீர்க்கச் செய்கிறார்கள். 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் போதுமானது. நம் ஊர் வெப்பத்தில் ஒயின் கிளாசிலேயே விரைவில் சூடேறிவிடும் என்பதால், பாட்டிலைக் குளிர்ந்த நீரில் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக ஊற்றிக்கொள்வதே நல்லது.

உணவோடு சேர்ப்பதில்தான் பெரிய சறுக்கல் நிகழ்கிறது. காரத்தைத் தணிக்கும் என்று நம்பி, வரமிளகாய் நிறைந்த உப்புக்கறியோடு குளிர்ந்த ஒயினைக் குடிப்பார்கள். நாக்கில் மிளகாயின் எரிச்சலை உணரும் அதே ஏற்பிகளை ஆல்கஹாலும் தூண்டுவதால், குளிர்ச்சி தந்த சுகம் அடங்கியதும் எரிச்சல் கூடவே செய்யும். அதற்குப் பதிலாக, மிளகாய் குறைத்து வறுத்த இறாலோ, எண்ணெயில் பொரித்தெடுத்த வெள்ளைப் பணியாரமோ (காரச் சட்னியைத் தொடாமல்தான்!) இருந்தால், ஒவ்வொரு மிடறும் நாக்கில் படிந்த எண்ணெய்ப் பசையை அறுத்து, அடுத்த கவளத்துக்கு வாயை ஆயத்தப்படுத்தும். வெண்டைக்காய் மண்டியின் புளிப்புக்கு ஈடுகொடுக்க, சோவின்யோன் பிளாங்க் போன்ற கூர்மையான புளிப்புள்ள ஒயின் வேண்டும். மென்மையான ஒயின் அதன்முன் சப்பென்று ஆகிவிடும். கவுனி அரிசி இனிப்பும் கந்தரப்பமும் வரும்போது கிளாசை ஒதுக்கிவிடலாம், இனிப்புக்குப் பின் டிரை ஒயின் வெறும் புளிப்பாகவே தோன்றும்.

மீந்ததை மேசையில் விட்டுவைக்காமல், இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும்.