கலிஃபோர்னியாவில் ஆளுநர் பதவிக்கு மறுபடி நிற்கும் சமூக ஆர்வலர் கவனத்துக்கு

போன தேர்தலில் கொடுத்த ஆவணங்களை நம்பி இறங்காதீர்கள். ஒவ்வொரு முறையும் போட்டியிடும் எண்ணத்தை அறிவிக்கும் 501 எண் படிவம் புதிது, பிரசார வங்கிக் கணக்கும் தனி. நன்கொடை கேட்கும் முன்பே படிவம் போய்ச் சேர வேண்டும்.

பலர் சறுக்குவது வாக்குச்சீட்டில் பெயருக்குக் கீழே வரும் தொழில் விவரத்தில். மூன்று சொல்லுக்கு மேல் கூடாது. 'ஆர்வலர்' என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். விதிப்படி அது தொழில் இல்லை, வெறும் அடைமொழி. 'சமூகத் தன்னார்வலர்' செல்லும். ஆனால் அதுவே உங்கள் முதன்மை வேலையாக இருக்க வேண்டும், இன்னொரு தொழிலோடு சேர்த்து எழுத முடியாது. நீங்கள் உழைக்கும் அமைப்பின் கடிதம், பணி நேரக் குறிப்பு இரண்டையும் கையில் வைத்திருங்கள்.

உங்களை வேட்பாளராக முன்மொழிய வாக்காளர்களின் 65 முதல் 100 கையெழுத்து வேண்டும். 65-ஓடு நிறுத்தினால் ஆபத்து: வீடு மாறியும் பதிவை மாற்றாதவர் புது முகவரி எழுதினால் அந்தக் கையெழுத்து போச்சு.

வேட்புமனுக் கட்டணம் ஆளுநரின் ஆண்டுச் சம்பளத்தில் 2 சதவீதம். கையில் பணமில்லையென்றால் ஈடாகக் கையெழுத்துத் திரட்டலாம்; குறைகிற அளவுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். கடைசி ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கும் கேட்பார்கள்.

அரசு அனுப்பும் வாக்காளர் கையேட்டில் உங்கள் அறிக்கையை வெளியிடச் சொல்லுக்கு 25 டாலர், 250 சொல் வரை. பிரசாரச் செலவு வரம்பைத் தானாக ஏற்றவருக்கு மட்டுமே இந்த இடம். நூறு சொல்லில் முடித்தால் 2,500 டாலர்.