சினைப்பைக்குப் போகும் கதிர்: மார்பகச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிக்கு வரும் மருத்துவ இயற்பியலாளர்கள் (கதிர்சிகிச்சையின் அளவைத் திட்டமிடுபவர்கள்), ஒரு காலத்தில் நாங்கள் செய்த பிழைகளையே திரும்பவும் செய்கிறார்கள். இடது வலது குழம்புவது போன்றவற்றைத் தடுக்கச் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது; அவற்றை விட்டுவிடுகிறேன். இளம்பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்காகக் கதிர் கொடுக்கும்போது சினைப்பை பற்றி நிகழும் தவறுகள் மட்டும் இங்கே.

திரையில் தெரியும் பூஜ்யத்தை நம்புவது

முப்பதை எட்டாத ஒரு நோயாளி, "இன்னொரு குழந்தை பெற முடியுமா? வயிற்றுக்குக் கதிர் போகுமா?" என்று கேட்டார். பயிற்சி இளைஞர் சிகிச்சையைத் திட்டமிடும் மென்பொருளின் திரையைப் பார்த்துவிட்டு, "பூஜ்யம்தான் அம்மா, பயப்படாதீர்கள்" என்றார். அந்தத் திட்டத்துக்கு எடுத்த சி.டி. ஸ்கேன் தாடையில் தொடங்கி மேல்வயிற்றில் முடிந்திருந்தது. படத்திலேயே இல்லாத உறுப்புக்கு மென்பொருள் எப்படிக் கணக்குச் சொல்லும்? இந்தப் பதிலை இன்றும் கேட்கிறேன், இன்றும் கோபம் வருகிறது.

ஸ்கேனை இடுப்புவரை நீட்டினாலும் சிக்கல் தீராது. திட்டமிடும் மென்பொருள் கதிர்ப் புலத்துக்குள்ளும் (கதிர் நேராகப் படும் பகுதி) அதன் விளிம்பை ஒட்டியும் சரியாகக் கணக்கிடும். தொலைவில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 158ஆம் பணிக்குழு 2017இல் இதை விரிவாக எச்சரித்தது. உடலுக்குள் சிதறும் கதிர், காலிமேட்டரில் (கதிருக்கு வடிவம் கொடுக்கும் உலோகத் தடுப்பு) பட்டுச் சிதறும் கதிர், இயந்திரத்தின் தலைப்பகுதியிலிருந்து கசியும் கதிர் மூன்றும் சேர்ந்தே சினைப்பையை அடைகின்றன. விளிம்பருகே முதலாவது ஓங்கும். தொலைவு கூடக்கூடக் கசிவு ஓங்கும்.

மார்பகத்துக்கு 50 கிரே (கதிரின் அலகு; ஒரு கிரே 100 சென்டிகிரே) கொடுத்தால் சினைப்பைக்குப் பொதுவாகச் சில சென்டிகிரே போகும். நோயாளியின் உயரம், புலத்தின் கீழ் விளிம்பு, சிகிச்சை முறை ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். கருமுட்டைகளில் பாதி அழிய ஏறத்தாழ 2 கிரே போதும். 30 வயதில் சினைப்பை முற்றிலும் செயலிழக்க ஏறத்தாழ 14 கிரே வேண்டும். ஆகவே கருவுறும் திறனைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கையோடு பதில் சொல்லியிருக்கலாம்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வயிற்றில் கரு இருந்தால் 10 சென்டிகிரேதான் கவலைக்குரிய எல்லை. கருப்பை வளர்ந்து மேலெழும்போது கதிர்ப் புலத்தை நெருங்குகிறது, அளவும் பல மடங்கு ஏறுகிறது. "பூஜ்யம்" என்று கேட்டபிறகு கர்ப்பப் பரிசோதனையை யாரும் நினைப்பதில்லை. அந்த நோயாளிக்கும் செய்திருக்கவில்லை. வாராந்தரக் கூட்டத்தில் கவனித்து நிறுத்தி, சோதித்தோம், கர்ப்பம் இல்லை. கவனிக்காமல் போயிருந்தால் முதல் நாள் சிகிச்சை முடிந்திருக்கும்.

சந்தேகம் இருந்தால் அளந்துவிடுங்கள். அடிவயிற்றில் டி.எல்.டி. (கதிரை அளக்கும் சிறு வில்லை) வைத்து, மேலே ஒரு சென்டிமீட்டர் போலஸ் (தசை போன்ற பொருளாலான தகடு) போடுங்கள். வெறும் தோலில் வைத்தால் மேற்பரப்புச் சிதறல் அளவைக் கூட்டிக் காட்டும். முழுச் சிகிச்சைக்கும் பெருக்கிக் கோப்பில் எழுதுங்கள்.

ஈய ஏப்ரனைப் போர்த்துவது

பயனில்லை. அரை மில்லிமீட்டர் ஈயம் எக்ஸ்ரே அறைக்கானது. சிகிச்சைக்குப் பயன்படும் 6 எம்.வி. (மெகாவோல்ட்) கதிரைப் பாதியாக்கவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஈயம் வேண்டும். உடலுக்குள்ளேயே சிதறி வருவதை எந்தக் கவசமும் தடுக்காது.

பழக்கத்தில் உலோக வெட்ஜ் போடுவது

வேண்டாம். கதிர் அளவைச் சீராக்க வழியில் வைக்கும் அந்த ஆப்பு வடிவ உலோகத்தில் பட்டுச் சிதறல் கூடும்.

மாதவிடாய் நின்றால் கதிரைக் காரணம் சொல்வது

பெரும்பாலும் காரணம் அதற்கு முன் கொடுத்த கீமோதெரபி, குறிப்பாகச் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து. கதிர்சிகிச்சை கடைசியில் வருவதால் பழி அதன்மேல் விழுகிறது. கருமுட்டையை உறையவைத்துச் சேமிக்கும் பேச்சு கீமோவுக்கு முன்பே நடக்க வேண்டும். எங்கள் மேசைக்கு வரும்போது தாமதமாகிவிடுகிறது.

மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிபென் மாத்திரை சாப்பிடும் பெண்ணிடம், மாதவிடாய் வராததால் கரு தங்காது என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தங்கும். காப்பர் டி போன்ற ஹார்மோன் இல்லாத கருத்தடையைப் பற்றி அவருடைய மருத்துவர் பேசிவிட்டாரா என்று முதல் நாளே கேளுங்கள்.